ஆஞ்சியோவில் 40 சதவீத அடைப்பு. ஸ்டென்ட் வேண்டாம், மாத்திரை போதும் என்கிறார்கள். நம்பலாமா?

கெடிலக்கரை:
எல்லாருக்கும் வணக்கம். எங்க அத்தானுக்கு (அக்கா வீட்டுக்காரர்) 51 வயசு. நெல்லிக்குப்பத்துல இருக்காங்க. சுகர் இருக்கு, சிகரெட்டும் இன்னும் விடல. போன மாசம் நெஞ்சு எரிச்சலா இருக்குன்னு போனதுல ஈசிஜி, எக்கோ எல்லாம் பாத்துட்டு கடைசியில ஆஞ்சியோ (ரத்தக்குழாய்க்குள்ள சாயம் விட்டு எடுக்குற எக்ஸ்ரே) எடுத்தாங்க. இடது பக்கம் கீழ இறங்குற பெரிய ரத்தக்குழாய்ல 40 சதவீதம், வலது பக்கம் 30 சதவீதம் அடைப்பு. எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரால்) 148. ஸ்டென்ட் (குழாயை விரிச்சு வைக்கிற கம்பிவலை) தேவையில்ல, மாத்திரை எழுதித் தரேன், சிகரெட்டை விடுங்கன்னு சொல்லி அனுப்பிட்டாங்க.

வீட்டுல இப்ப ரெண்டு கட்சி. அக்கா, "கடனை வாங்கியாவது ஸ்டென்ட் வெச்சுடுவோம், அப்புறம் நிம்மதி"ங்குது. பெரியப்பா, "40 தானேடா, பாதிகூட இல்ல. மாத்திரையே வேண்டாம், கிட்னி போயிடும்"ங்குறார்.

எனக்குப் புரியாதது வேற. மஞ்சக்குப்பத்துல எங்க தெருவுல மளிகைக்கடை வெச்சிருந்த அண்ணன், டிரெட்மில் டெஸ்ட்ல நல்லா ஓடி நார்மல்னு ரிப்போர்ட் வாங்கிட்டு வந்தவர். கொஞ்ச நாள்லயே அட்டாக்ல போயிட்டார். எங்க ஆபீஸ்ல ஒரு சாருக்கு 90 சதவீத அடைப்பு, வருஷக்கணக்கா நல்லா இருக்கார். அப்ப இந்த சதவீதத்துக்கு என்னதான் அர்த்தம்?

முந்திரித்தோப்பு:
பெரியப்பா சொல்றதுல நியாயம் இருக்கு தம்பி. கொலஸ்ட்ரால் பயமே மருந்துக் கம்பெனிக்காரன் கிளப்பி விட்டது. நம்ம தாத்தாங்க நெய்யும் கறியுமா சாப்பிட்டு 90 வயசு இருந்தாங்க. பண்ருட்டியில முந்திரியைக்கூட சாப்பிடாதே, கொலஸ்ட்ரால்னு சொல்லிச் சொல்லி ஜனங்களைப் பயமுறுத்தி வெச்சிருக்காங்க.

முத்தியால்பேட்டை அக்கா:
தம்பி, நான் ரொம்ப வருஷம் ஆஞ்சியோ பண்ற லேப்ல ஸ்டாஃப் நர்ஸா இருந்து ஓய்வு பெற்றவ. நடுராத்திரி அட்டாக்கோட தூக்கிட்டு வருவாங்க. குழாய் முழுக்க அடைச்சிருக்கும். உள்ள இருக்குற ரத்தக்கட்டியை உறிஞ்சி எடுத்துட்டுப் பாத்தா, அடியில இருக்குற பழைய அடைப்பு ரொம்பப் பெருசா இருக்காது. 40, 50தான் இருக்கும். அப்படி நிறைய பேரைப் பாத்திருக்கேன். அதனால 40ன்னு அலட்சியமா இருக்கக்கூடாது. அதுக்காக அதுல ஸ்டென்ட் வைக்கணும்னும் இல்ல. ஏன்னு டாக்டர் யாராவது விளக்கமா எழுதினா நல்லது.

லாஸ்பேட்டை மருத்துவர்:
கெடிலக்கரை கேட்டிருக்கிறது இந்த நோயோட அடிமடியில கை வைக்கிற கேள்வி. கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுமையா படிங்க.

கொழுப்பு ரத்தக்குழாயோட உள்பரப்பு மேல வந்து ஒட்டுதுன்னுதான் பெரும்பாலானவங்க நினைக்கிறாங்க. அப்படி இல்ல. அது குழாயோட சுவருக்குள்ள சேருது. உள்பக்கம் முழுக்க ஒரே ஒரு செல் கனத்துல ஒரு படலம் இருக்கு, எண்டோதீலியம்னு பேர். ரத்தத்துல எது சுவருக்குள்ள போகலாம், எது கூடாதுன்னு பாக்குறது அதுதான். ரத்த அழுத்தம், சர்க்கரை, புகையிலைப் புகை இதெல்லாம் அந்தப் படலத்தைக் கெடுக்குது. குழாய் வளையுற இடத்துலயும் கிளை பிரியுற இடத்துலயும் ரத்தம் சீரா ஓடாம சுழலும். அங்க படலம் இயல்பாவே பலவீனம். கொழுப்புப் படிவு எப்பவும் அந்த மாதிரி இடங்களைத் தேடித்தான் முதல்ல வரும்.

எல்டிஎல் துகள் ஒண்ணு சுமார் 20 நானோமீட்டர்தான் இருக்கும். ரத்தத்துல அது எவ்வளவு அதிகமோ, எத்தனை வருஷம் அதிகமா இருந்துச்சோ, அவ்வளவுக்கு சுவருக்குள்ள புகுந்து மாட்டிக்கும். மாட்டினது ஆக்சிஜனேற்றம் அடைஞ்சு உருமாறும். உடம்பு அதை வெளியாள்னு நினைச்சு வெள்ளை அணுக்களை அனுப்பும். அதுங்க மேக்ரோபேஜ் செல்லா மாறி கொழுப்பை விழுங்கும். விழுங்கி விழுங்கி, செரிக்க முடியாம, மைக்ராஸ்கோப்ல நுரை நுரையா தெரியுற செல்களா ஆகும். அப்புறம் அங்கேயே செத்துப்போகும். செத்த செல்லும் கொழுப்பும் சேர்ந்து சுவருக்குள்ள கொழகொழன்னு ஒரு குழி. அதைச் சமாளிக்க தசைச் செல்கள் உள்ளே நகர்ந்து வந்து மேல நார் மூடி ஒண்ணு போடும். காலப்போக்குல சுண்ணாம்பும் படியும்.

இது எப்ப ஆரம்பிக்குதுன்னா, வாலிபத்துலயே. கொரியப் போர்ல இறந்த 300 அமெரிக்க வீரர்களோட இதயத்தை அறுத்துப் பாத்து 1953-ல ஒரு கட்டுரை வந்தது. சராசரி வயசு 22. நாலுல மூணு பேருக்கு மேல இதய ரத்தக்குழாய்ல நோய் இருந்தது.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வரேன். சுவருக்குள்ள படிவு வளரும்போது குழாய் சும்மா இருக்காது, வெளிப்பக்கமா விரிஞ்சு கொடுக்கும். உள்ளே ரத்தம் போற வழி அப்படியே இருக்கும். சிகாகோவுல கிளாகோவ்னு ஒரு நோய்க்குறியியல் பேராசிரியர் 1987-ல இதைக் காட்டினார். சுவருக்குள்ள படிவு சுமார் 40 சதவீத இடத்தைப் பிடிக்கிற வரைக்கும் வழி குறுகுறதே இல்ல (இந்த 40 வேற, ஆஞ்சியோ ரிப்போர்ட்ல வர்ற 40 வேற). ஆஞ்சியோவுல நாம பாக்குறது அந்த வழியை மட்டும்தான், சுவரை இல்ல. அதனால உங்க அத்தானுக்கு ஆஞ்சியோவுல 40ன்னு தெரியுதுன்னா, அந்த இடத்துல மட்டும் இல்லாம குழாய் நெடுக சுவர்ல நோய் இருக்குன்னுதான் எடுத்துக்கணும்.

அட்டாக் வர்றது எப்படின்னா, பெரும்பாலும் அந்த நார் மூடி கிழியுறதால. தோல் மெலிஞ்சுபோன சீழ்க்கட்டி எப்ப உடையும்னு சொல்ல முடியாதில்லையா, அப்படித்தான். உள்ளே அழற்சி அதிகம், கொழுப்பு அதிகம், மூடி மெல்லிசு. இந்த மூணும் சேர்ந்த படிவு ஒரு நாள் கிழியும். உள்ளே இருக்குற சரக்கு ரத்தத்துல பட்டதும் தட்டணுக்கள் ஓடிவந்து ஒட்டி, ரத்தம் உறைஞ்சு, நிமிஷக் கணக்குல 40 சதவீதம் 100 ஆகிடும். மளிகைக்கடைக்காரர் விஷயத்துலயும் இப்படி நடந்திருக்க வாய்ப்பு இருக்கு. டிரெட்மில் டெஸ்ட் வழி குறுகியிருக்கான்னு சொல்லும். மூடி மெலிஞ்சிருக்கான்னு சொல்லாது.

உங்க ஆபீஸ் சாரோட 90 பெரும்பாலும் மெதுவா வளர்ந்த, நாரும் சுண்ணாம்பும் நிறைஞ்ச கெட்டிப் படிவா இருக்கலாம். மெதுவா வளர்ந்ததால பக்கத்துல சின்னச் சின்ன மாற்றுக்குழாய்கள் உருவாகி ரத்தம் கொடுக்கும். அடைப்பு 70 சதவீதம் தாண்டினா பொதுவா வேகமா நடக்கும்போது நெஞ்சு அழுத்தும், நின்னா போயிடும். தொந்தரவுதான், ஆனா முன்னாடியே எச்சரிக்கிற தொந்தரவு. அதுக்காக 90 ஆபத்தில்லைன்னு அர்த்தம் கிடையாது. அந்த அளவுக்கு நோய் இருக்குறவருக்கு மெல்லிசு மூடி போட்ட சின்னப் படிவு பக்கத்துலயே நிறைய இருக்கும்.

இப்ப உங்க அக்கா கேக்குற ஸ்டென்டைப் பத்தி. அட்டாக் வந்துட்ட நேரத்துல ஸ்டென்ட் உயிரைக் காப்பாத்துற சிகிச்சை, அதுல ரெண்டு பேச்சே இல்ல. மாத்திரை சாப்பிட்டும் நெஞ்சுவலி அடங்காதவங்களுக்கும் நல்ல பலன் உண்டு. இடது பிரதான குழாய் அடைப்புக்குத் தனிக் கணக்கு (அத்தானுக்கு இருக்குறது அதோட கிளையில, அது வேற). ஆனா நிலையா இருக்குற அடைப்புல, அட்டாக் வராம தடுக்குறதுக்குன்னு வெச்சா? 2020-ல வெளியான இஸ்கீமியா ஆய்வுல 5,179 பேரை ரெண்டு பிரிவாப் பிரிச்சுப் பாத்தாங்க. எல்லாருமே டெஸ்ட்ல இதயத்துக்கு ரத்தம் நல்லாவே குறையுதுன்னு தெரிஞ்சவங்க, அதாவது உங்க அத்தானைவிட நோய் கூடினவங்க. ஒரு பிரிவுக்கு ஸ்டென்ட் அல்லது பைபாஸோட மாத்திரை, இன்னொண்ணுக்கு மாத்திரை மட்டும். சாவுலயும் அட்டாக்லயும் மொத்தத்துல வித்தியாசம் தெரியல. ஸ்டென்ட் ஒரு இடத்தைத்தான் விரிக்கும், நோய் சுவர் முழுக்க இருக்கு. மாத்திரை எல்லா இடத்துக்கும் போகும். எல்டிஎல் குறைஞ்சா படிவுக்குள்ள இருக்குற கொழுப்பும் அழற்சியும் குறைஞ்சு, மூடி கெட்டியாகும். அத்தானுக்கு வேண்டியது அதுதான். உங்க டாக்டர் சொன்னது சரி.

கெடிலக்கரை:
டாக்டர், இதை அப்படியே அக்காகிட்ட படிச்சுக் காட்டுறேன். இவ்வளவு பொறுமையா யாரும் எங்களுக்குச் சொன்னதில்ல. ரிப்போர்ட்டைக் கையில குடுத்ததும் அடுத்த ஆளைக் கூப்பிட்டுட்டாங்க. ஒரு சந்தேகம்: மாத்திரை கிட்னியைக் கெடுக்குமா?

லாஸ்பேட்டை மருத்துவர்:
ஸ்டாடின், அதாவது கொலஸ்ட்ராலைக் குறைக்கிற மாத்திரை, கிட்னியைக் கெடுக்காது. கெடுக்குறது கட்டுப்படாத சுகரும் பிரஷரும். சிலருக்கு தசைவலி வரும், வந்தா டாக்டர்கிட்ட சொன்னா அளவையோ மருந்தையோ மாத்துவாங்க. சர்க்கரை நோயோட விளிம்புல இருக்குறவங்களுக்கு சுகர் லேசா கூடலாம், அதையும் மறைக்கல. ஆனா எல்டிஎல் சுமார் 39 குறைஞ்சா அட்டாக், பக்கவாதம் மாதிரியான பெரிய நிகழ்வுகள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறையுதுன்னு லட்சத்துக்கு மேலான நோயாளிகளோட கணக்குல தெரிஞ்சிருக்கு. உங்க அத்தானுக்கு 148 இருக்குறதை 70-க்குக் கீழே கொண்டு வரணும். 55 வரைக்கும் குறைக்கச் சொல்ற டாக்டர்களும் உண்டு.

முந்திரித்தோப்பு:
டாக்டர் சொல்றதை மதிக்கிறேன். ஆனா கொலஸ்ட்ரால்தான் காரணம்னு எப்படி அடிச்சுச் சொல்றீங்க? கொலஸ்ட்ரால் நார்மலா இருந்தே அட்டாக் வந்தவங்க எத்தனை பேர். அந்தக் காலத்துல இந்த நோயே இல்லையே.

வில்லியனூர் வாசி:
அண்ணே, நான் காலேஜ்ல உயிர்வேதியியல் எடுக்குறேன். உங்க கேள்வி நல்ல கேள்விதான், மருத்துவ உலகமே பல பத்தாண்டு சண்டை போட்ட கேள்வி.

1913-ல ரஷ்யாவுல அனிச்கோவ் முயலுக்கு வெறும் கொலஸ்ட்ராலைக் கொடுத்து ரத்தக்குழாய்ல படிவை உண்டாக்கிக் காட்டினார். முயல் வேற, மனுஷன் வேறன்னு ஒதுக்கிட்டாங்க. அப்புறம் பிரவுன், கோல்ட்ஸ்டீன்னு ரெண்டு பேர், சின்ன வயசுலயே அட்டாக் வர்ற பிள்ளைங்களை ஆராய்ஞ்சாங்க. ரத்தத்துல இருந்து எல்டிஎல்லைப் பிடிச்சு உள்ள எடுத்துக்குற ஏற்பி (ரிசெப்டர்) அந்தப் பிள்ளைங்க செல்லுல இல்லைன்னு கண்டுபிடிச்சாங்க. 1985-ல நோபல் பரிசு. அந்தப் பிள்ளைங்களுக்கு சுகர் இல்ல, பிரஷர் இல்ல, பீடி சிகரெட் இல்ல. எல்டிஎல் மட்டும்தான் எக்கச்சக்கம். அதுக்கு நேர் எதிரா, பிசிஎஸ்கே9-ங்குற மரபணு வேலை செய்யாம பிறந்தவங்களுக்கு ஆயுசு முழுக்க எல்டிஎல் குறைவு. அவங்களுக்கு மாரடைப்பு மத்தவங்களைவிட ரொம்பக் குறைவுன்னு 2006-ல தெரிஞ்சுது. இது எந்தக் கம்பெனியும் மாத்திரை கொடுத்து வந்ததில்ல, பிறவி.

முதல் ஸ்டாடினைக் கண்டுபிடிச்சது ஜப்பான்ல அகிரா எண்டோ. பூஞ்சைகளை ஒவ்வொண்ணா சோதிச்சுப் பாத்து ஒரு பெனிசிலியம் பூஞ்சையில இருந்து எடுத்தார்.

அந்தக் காலத்துல இல்லைங்குறதும் சரியில்ல. எகிப்து, பெரு உட்பட நாலு பகுதிகளைச் சேர்ந்த 137 பழங்கால உடல்களை சிடி ஸ்கேன்ல பாத்திருக்காங்க. மூணுல ஒருத்தருக்கு ரத்தக்குழாய்ல படிவு. 2013-ல வந்த ஆய்வு. நம்ம தாத்தா காலத்துல 40 வயசுக்கு முன்னாடியே காலராவுலயும் காய்ச்சல்லயும் போனவங்களை நாம கணக்குல எடுக்குறதே இல்ல. 90 வரைக்கும் இருந்தவங்க மட்டும்தான் ஞாபகத்துல நிக்கிறாங்க.

கொலஸ்ட்ரால் மட்டும்தான் காரணம்னும் நான் சொல்லல. 52 நாடுகள்ல சுமார் 30,000 பேரை வெச்சு நடந்த இண்டர்ஹார்ட் ஆய்வு 2004-ல வந்தது. தலைமை தாங்கின சலீம் யூசுப் கேரளாவுல பிறந்தவர். புகைபிடித்தல், ரத்தக் கொழுப்பு, பிரஷர், சுகர், தொந்தி, மனஉளைச்சல், காய்கறி பழம் சாப்பிடாதது, உழைப்பில்லாதது. இதோட மதுப் பழக்கத்தையும் கணக்குல சேர்த்தாங்க. முதல் மாரடைப்போட ஆபத்துல ஆண்களுக்கு 90 சதவீதம் இதுக்குள்ள அடங்கிடுது. அதே ஆய்வுல நம்ம தெற்காசியக்காரங்களுக்கு முதல் அட்டாக் வர்ற சராசரி வயசு 53, மத்த நாட்டுக்காரங்களுக்கு 59. இந்த ஆறு வருஷ வித்தியாசம் என்னை ரொம்ப வருத்தப்பட வைக்குது. பிள்ளைங்க கல்யாணம் ஆகுறதுக்கு முன்னாடியே அப்பாக்கள் போறாங்க.

முந்திரியைப் பத்தி நீங்க சொன்னது நூத்துக்கு நூறு சரி. எந்தத் தாவர உணவுலயும் பேருக்குச் சொல்ற அளவு கொலஸ்ட்ரால் கிடையாது. முந்திரியில இருக்குற கொழுப்புல பெரும்பங்கு கெடுதல் செய்யாத வகை. 100 கிராமுக்கு 550 கலோரிக்கு மேல போகும், அதனால அளவு பாத்துக்கணும். உப்புப் போட்டு வறுத்தது பிரஷர்காரங்களுக்கு ஆகாது.

முந்திரித்தோப்பு:
பிறவியிலேயே எல்டிஎல் குறைஞ்சவங்க கதை நான் கேள்விப்படாதது. அதைப் படிக்கணும். நன்றி தம்பி.

சில்வர் பீச் பக்கம்:
எல்லாரும் நெஞ்சைப் பத்தியே பேசுறீங்க. என் அம்மாவுக்கு இதே நோய் கால்ல வந்தது. சுகர் பல வருஷமா உண்டு. திருப்பாதிரிப்புலியூர் கோயிலுக்கு நடந்து போறப்ப குறிப்பிட்ட தூரம் போனதும் கெண்டைக்கால் பிடிச்சு இழுக்கும், கொஞ்சம் நின்னா சரியாகும். மறுபடி அதே தூரம், மறுபடி வலி. நரம்புத் தளர்ச்சின்னு சத்து ஊசி போட்டுக்கிட்டே இருந்தாங்க ஒரு இடத்துல. கால் விரல்ல சின்னப் புண் வந்து ஆறவே இல்ல, கறுத்துப் போச்சு. ஒரு விரலை எடுக்க வேண்டியதாப் போச்சு. அப்பதான் தொடை ரத்தக்குழாய்ல அடைப்புன்னு தெரிஞ்சுது. நடந்தா வலி, நின்னா நிவாரணம், பாதம் சில்லுனு இருக்கு, ஆறாத புண். இது இருந்தா தயவுசெஞ்சு ரத்தக்குழாய் டாக்டரைப் பாருங்க.

லாஸ்பேட்டை மருத்துவர்:
அம்மாவுக்கு நேர்ந்ததுக்கு வருந்துறேன். கணுக்கால்லயும் கையிலயும் ரத்த அழுத்தம் எடுத்து ஒப்பிட்டா போதும். கணுக்கால் அளவைக் கை அளவால வகுத்து 0.9-க்குக் கீழ வந்தா கால் ரத்தக்குழாய்ல நோய் இருக்குன்னு அர்த்தம். ஊசி இல்ல, கத்தி இல்ல. நாள்பட்ட சுகர்காரங்களுக்கு குழாய் சுண்ணாம்பு பிடிச்சு அளவு பொய்யா ஏறிக் காட்டலாம், அப்ப ரத்த ஓட்டத்தைப் பாக்குற டாப்ளர் ஸ்கேன் எடுக்கணும்.

கால்ல இருக்குன்னா இதயத்துலயும் கழுத்துலயும் இருக்க வாய்ப்பு அதிகம். கழுத்துக் குழாய்ப் படிவுல இருந்து துணுக்கு உடைஞ்சு மூளைக்குப் போனா பக்கவாதம். சிறுநீரகக் குழாய்ல வந்தா அடங்காத பிரஷர். ஆண்கள் வெளிய சொல்லாத ஒண்ணும் இருக்கு: 40, 50 வயசுல விறைப்புத்தன்மை குறைஞ்சா அது வெட்கப்படுற விஷயம் இல்ல. அந்த ரத்தக்குழாய் இதயக் குழாயைவிடச் சின்னது, அதனால நோய் அங்க சில வருஷம் முன்னாடியே தெரியும். மாத்திரைக்கடையில ரகசியமா வாங்கிப் போடாம இதயத்தையும் பாருங்க.

தவளக்குப்பம்:
கழுத்துன்னு சொன்னதும் எழுதத் தோணுது. எங்க மாமாவுக்கு சாப்பிடும்போது கை மரத்து, பேச்சு குழறி, பத்து நிமிஷத்துல தானா சரியாப் போச்சு. தூக்கம் கெட்டதால இருக்கும்னு விட்டுட்டாங்க. ரெண்டாம் நாள் பெரிய ஸ்ட்ரோக். தானா சரியாகிட்டாலும் அன்னைக்கே ஓடணும்னு அப்புறம்தான் சொன்னாங்க.

பாகூர் விவசாயி:
பூண்டு, இஞ்சி, எலுமிச்சை, ஆப்பிள் வினிகர், தேன் காய்ச்சிக் குடிச்சா அடைப்பு கரையும்னு வாட்ஸ்அப்ல வருதே, அத்தானுக்குக் கொடுத்துப் பாக்கலாமே.

முத்தியால்பேட்டை அக்கா:
ருசிக்குக் குடிக்கலாம் தம்பி. சுகர்காரர், அதனால தேன் வேண்டாம். அது கரைக்கும்னு நம்பி மாத்திரையை நிறுத்துறதுதான் வினை. ஸ்டென்ட் வெச்ச ஒருத்தர் இந்த மாதிரி எதையோ குடிச்சுட்டு, ரத்தம் உறையாம இருக்கக் கொடுத்த மாத்திரையை நிறுத்திட்டார். ஸ்டென்டுக்குள்ளயே ரத்தம் கட்டி வந்தார். அந்த வீட்டம்மா லேப் வாசல்ல நின்ன நிலை இன்னும் மனசை விட்டுப் போகல. சுவருக்குள்ள நாரும் சுண்ணாம்புமா இறுகிக் கிடக்குறதை எந்தக் கஷாயமும் கரைக்காது.

இன்னொண்ணு எல்லாரும் தெரிஞ்சுக்கணும். கடலூர் மாவட்டம் தமிழ்நாட்டுக்குள்ள வர்றதால 2023-ல இருந்து "இதயம் காப்போம்" திட்டம் உண்டு. துணை சுகாதார நிலையத்துலயும் ஆரம்ப சுகாதார நிலையத்துலயும் நெஞ்சுவலியோட வர்றவங்களுக்கு ரத்தம் உறையாம இருக்க ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், கொலஸ்ட்ராலுக்கு அட்டோர்வாஸ்டாடின் மூணையும் முதல் அளவா சேர்த்துக் கொடுத்துட்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவாங்க. நெஞ்சு அழுத்தி, வியர்த்து, தாடைக்கோ இடது கைக்கோ வலி பரவினா சோடா குடிச்சு உக்காந்திருக்காதீங்க. 108-ஐக் கூப்பிடுங்க. பைக்ல வெச்சுக் கூட்டிட்டுப் போகாதீங்க. சுகர்காரங்களுக்கும் பொம்பளைங்களுக்கும் வலியே இல்லாம மூச்சிரைப்பு, வாந்தி, அசதி மட்டும் வரலாம். கடலூர்ல இருந்து புதுச்சேரி கோரிமேடு ஜிப்மர் ஆஸ்பத்திரிக்கு சாதாரணமா ஒரு மணி நேரத்துக்குள்ள வந்துடலாம். அந்த நேரத்தை வீட்டுல "வாயு"ன்னு சொல்லித் தொலைச்சுட்டு வர்றவங்கதான் அதிகம்.

கெடிலக்கரை:
அக்காவும் அத்தானும் நேத்து ராத்திரி முழுசா படிச்சாங்க. பெரியப்பா மட்டும் இன்னும் முனகுறார். அத்தான் மாத்திரையை ஆரம்பிச்சுட்டார். சிகரெட் பாக்கெட்டை அக்கா பிடுங்கி வெச்சிருக்கு. சிகரெட்டை ஒரேயடியா விட முடியுமான்னு அவருக்கே பயம்.

லாஸ்பேட்டை மருத்துவர்:
தனியாப் போராட வேண்டாம். நிக்கோடின் சூயிங்கமும் மாத்திரையும் இருக்கு, டாக்டர்கிட்ட கேளுங்க. சிகரெட்டை விட்டு ஒரு வருஷத்துலயே, சிகரெட்டால கூடியிருந்த அட்டாக் ஆபத்து பாதியளவுக்கு இறங்கும். எந்த மாத்திரையும் இவ்வளவு சீக்கிரம் இவ்வளவு செய்யாது. அவருக்கு 55-க்குள்ளயே நோய் வந்ததால பிள்ளைங்களுக்கும் ரத்தக் கொழுப்பைப் பாத்துடுங்க. லிப்போபுரோட்டீன் ஏ-ன்னு எல்டிஎல் மாதிரி இன்னொரு கொழுப்புத் துகள் இருக்கு, அதோட அளவு பரம்பரையா வர்றது, வாழ்நாள்ல ஒரு தடவை பாத்தா போதும்.

கெடிலக்கரை:
பெரியவனுக்கு 24, சின்னவளுக்கு 20. ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரையும் லேபுக்குக் கூட்டிட்டுப் போறேன். வெறும் வயித்துல போகணுமா?

வில்லியனூர் வாசி:
கொழுப்பு டெஸ்டுக்கு மட்டும்னா கட்டாயம் இல்ல. டிரைகிளிசரைடு (ரத்தத்துல இருக்குற இன்னொரு வகைக் கொழுப்பு) 400-க்கு மேல வந்தா மட்டும் வெறும் வயித்துல இன்னொரு தடவை எடுக்கச் சொல்லுவாங்க. சுகரையும் சேர்த்துப் பாக்குறது நல்லது, அதனால காலையில சாப்பிடாமப் போங்க. தண்ணி குடிக்கலாம்.